பனிநிலத்தின் சாட்சியமும் டிக்கன்ஸின் தீர்ப்பும்

2014ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 9ஆந் திகதி, அக்காலத்திற் கனடாவின் பிரதமராக இருந்த ஸ்ரீபன் ஹாப்பர் ஓர் அறிவிப்பை விடுத்தார். 1845இல் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு வடதுருவக் கடலிலே காணாமற்போன சேர் ஜோன் பிராங்ளினின் இரு கப்பல்களுள் ஒன்று கடலடியிற் கண்டெடுக்கப்பட்டுவிட்டது என்பதே அந்த அறிவிப்பு. அது எரெபஸ் என்னுங் கப்பல் என்பது சில வாரங்களில் உறுதியாயிற்று. ஏறக்குறையப் பதினொரு மீற்றர் ஆழத்தில் அது கிடந்தது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகை மயக்கிய புதிர் அவிழத் தொடங்கிவிட்டதெனப் பத்திரிகைகள் ஆரவாரித்தன.

யாருக்கு அது புதிராக இருந்தது? அந்தக் கரையில் வாழ்ந்துவரும் இனுயிற் மக்களுக்கு, அதாவது நமது பழைய பூமிசாத்திரப் புத்தகங்கள் எஸ்கிமோவர் என்று எழுதிவந்த மக்களுக்கு, அக்கப்பல் எந்தப் பக்கத்தில் அமிழ்ந்தது என்பது தெரிந்தே இருந்தது. 1879இல் அமெரிக்கரான ஷ்வாற்கா என்பவர் அப்பகுதிக்குச் சென்றபோது புஹ்தூராக் என்ற முதியவர் தாம் கண்டதை அவருக்குச் சொன்னார். அடிலெயிட் குடாநாட்டின் மேற்குப் புறத்தே ஒரு பெருங்கப்பல் பனிக்கட்டியிற் சிக்கி நின்றது. உள்ளே ஒரு படுக்கையில் வெள்ளையன் ஒருவனின் பிணம் கிடந்தது. உள்ளே செல்லும் வழி அறியாத தம்மவர் பனியின் மட்டத்திலே கப்பலின் பக்கத்தில் ஒரு துவாரம் வெட்டினர். பனி உடைந்தபோது அதன் வழியே நீர் புகுந்து கப்பல் தாழ்ந்துபோயிற்று. இவ்வளவும் அவர் சொன்னவை. அதற்குப் பத்தாண்டுகளின் முன் ஹோல் என்ற இன்னொரு அமெரிக்கரும் இதையொத்த வரலாற்றை வேறு வாய்களிலிருந்து கேட்டு எழுதிவைத்தார். 2014இல் எரெபஸ் கிடைத்த இடம் அந்த மக்கள் காட்டிய பக்கந்தான்.

வழிதவறிப் போன ஒரு கப்பலைப் பற்றி இந்த இதழிலே எழுதுவதேன் என்று வாசகர் கேட்கலாம். ஒரு பிரதேசத்தின் கண்டுபிடிப்பு வரலாற்றை ஆராய்வதும், அதற்கு நினைவுச் சின்னம் எழுப்புவதும், விழா எடுப்பதும் எவருடைய சொல்லை நம்பி, எவருடைய சொல்லைத் தள்ளி நடைபெறுகின்றன என்பதற்கு இதைவிடத் துலக்கமான வழக்கு ஒன்றை நான் அறியேன். தவிரவும் இவ்வழக்கிலே பொய்ச்சாட்சியின் பக்கம் நின்று வாதாடியவர், நம் ஆசிரியர்களும் மாணவர்களும் ஏழை மக்களின் தோழராகக் கொண்டாடிவரும் ஓர் எழுத்தாளர். அவருக்கு நாம் வழக்கமாக அளித்துவரும் மன்னிப்பு நியாயமானதா என்பதே என் கேள்வி.

முதலில் நிகழ்ந்ததைச் சொல்லவேண்டும். அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து வட அமெரிக்காவின் தலைமாட்டைச் சுற்றிப் பசிபிக் சமுத்திரத்தை அடைய ஒரு கடல்வழி உண்டு என்று பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் நெடுங்காலம் தேடியது. அதன் பொருட்டு 1845 மே 19ஆந் திகதி எரெபஸ், ரெரர் என்னும் இரு கப்பல்களில், மூன்றாண்டுக்கான உணவுடன் பிராங்ளின் அனுப்பப்பட்டார். இடைவழியில் நோயுற்றோர் திருப்பி அனுப்பப்பட்டபின் கப்பல்களில் எஞ்சியோர் 129 பேர். 1846 செப்ரெம்பரில் வில்லியம் அரசன் தீவுக்கு அருகே கப்பல்கள் பனியில் இறுகின. 1847 யூன் 11இல் பிராங்ளின் இறந்தார். 1848 ஏப்ரிலில் எஞ்சிய 105 பேரும் கப்பல்களைக் கைவிட்டுத் தெற்கு நோக்கி நடந்தனர். ஒருவரும் ஊர் திரும்பவில்லை.

இவ்விவரங்களுள் ஒன்றும் இலண்டனில் அப்போது தெரியாது. தேடி மீட்போருக்கு இருபதினாயிரம் பவுண் பரிசு என்று 1849இல் அரசாங்கம் அறிவித்தது. கப்பலுக்கு மேற் கப்பலாகத் தேடப் போயின. உண்மையைக் கொண்டுவந்தவரோ தேடப் போகாத ஒரு மனிதர். ஓர்க்னித் தீவிற் பிறந்த ஜோன் றே, ஹட்சன் குடாக் கொம்பனியின் வைத்தியர். 1854 வசந்தத்தில், வேறொரு கரையை அளக்கச் சென்ற வழியிலே, இன்னூக்பூஷீஜூக் என்ற இனுயிற் மனிதர் ஒருவரைக் கண்டார். அவர் தலையில் வெள்ளையரின் தொப்பிக்குரிய பொன்னிழைப் பட்டி இருந்தது. எங்கே கிடைத்தது என்று றே கேட்டார். மேற்கே ஒரு பேராற்றுக்கு அப்பால் முப்பத்தைந்து நாற்பது வெள்ளையர் பசியால் மாண்டனர், தாம் அவ்விடத்துக்குப் போனதில்லை, போனவர்கள் சொல்லக் கேட்டது என்று அவர் மறுமொழி சொன்னார். தாம் கண்டது இது, கேட்டது இது என்று பிரித்துச் சொல்லும் சாட்சியை நீதிமன்றங்களிற்கூட எளிதிற் காண்பதில்லை!

பின்னர் வேறு பலரிடமிருந்து றே மேலும் விவரம் திரட்டினார். ஏறக்குறைய நாற்பது வெள்ளையர் ஒரு படகை இழுத்துக்கொண்டு பனிமேல் தெற்கே நடந்தனர். கப்பல்கள் பனியில் நொறுங்கின என்று சைகையாற் காட்டினர். ஒரு கடல்நாயை விலைக்கு வாங்கினர். பிற்பாடு அவர்களின் பிணங்கள் காணப்பட்டன. சில உடல்கள் வெட்டப்பட்டிருந்தன. சமையற் பாத்திரங்களில் இருந்தவற்றைக் கொண்டு, உயிரோடிருந்தோர் இறந்தோரை உண்டனர் என்பது விளங்கிற்று. இச்சொற்களுடன், பிராங்ளினின் பெயர் பொறித்த வெள்ளித் தட்டு ஒன்றையும், அதிகாரிகளின் இலச்சினை பொறித்த கரண்டிகளையும் முட்கரண்டிகளையும் றே அவர்களிடம் வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அவரது அறிக்கை 1854 ஒக்டோபரில் பத்திரிகைகளில் வெளியாயிற்று.

இங்கிலாந்து கரண்டிகளை ஏற்றுக்கொண்டது. கரண்டிகளைக் கொடுத்தவர்களின் சொல்லை ஏற்கவில்லை.

அவ்வாண்டில் ஏப்ரில் முதல் ஓகஸ்ட் வரை சாள்ஸ் டிக்கன்ஸ் தாம் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழிலே ‘ஹாட் ரைம்ஸ்’ நாவலைத் தொடராக எழுதினார். ஆலைத் தொழிலாளியை வெறுங் ‘கை’ என்று எண்ணும் முதலாளி வர்க்கத்தை அந்நாவலில் அவர் சாடியதை நம்மிற் பலர் வகுப்பறையிலே மகிழ்ந்து விளக்கியிருக்கிறோம். அதே இதழில், அதே ஆண்டு டிசெம்பர் மாதத்தில், காணாமற்போன வடதுருவப் பயணிகளைப் பற்றி இரு பகுதியாக ஒரு கட்டுரையும் அவர் எழுதினார். அதை நாம் வகுப்பறைக்குக் கொண்டுசெல்வதில்லை.

அக்கட்டுரையின் வாதம் சுருக்கமாக இதுதான். றே நேர்மையானவர், ஆனால் அவர் கேட்டது காட்டுமிராண்டிகளின் வாய்ப்பேச்சு. காட்டுமிராண்டி என்பவன் பேராசையும் வஞ்சகமும் கொடுமையும் உடையவன். மொழிபெயர்ப்பாளனோ கேட்பவரை மகிழ்விக்க எதையுஞ் சொல்வான். ஒழுக்கமும் பயிற்சியும் வாய்ந்த ஆங்கில மாலுமிகள், அதிலும் அவர்தம் அதிகாரிகள், எத்தகைய பசியிலும் மனித மாமிசத்தைத் தீண்டியிரார். அப்படியாயின் உடல்களை வெட்டியது யார்? அந்த எஸ்கிமோவரே அவர்களைத் தாக்கிக் கொன்றிருக்கலாம் என்ற ஐயத்தை வாசகரின் மனத்திலே விதைத்துவிட்டு நகர்கிறார் அந்த மாபெருங் கலைஞர். இதற்கு அவரிடம் என்ன சான்று இருந்தது? ஒன்றுமில்லை. அப்பிரதேசத்தில் அவர் கால் வைத்ததில்லை. அம்மொழியில் ஒரு சொல் அவருக்குத் தெரியாது. ஒரு தேசத்தின் துக்கமும், பிராங்ளின் சீமாட்டியின் கண்ணீரும், கடற்படையின் கௌரவமும் அவர் பேனாவுக்குப் போதுமானவையாக இருந்தன. தாம் சாட்சி சொன்னதன் பயனாகத் தாமே கொலைக் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டதை அந்தப் பனிநாட்டு மக்கள் அறியவும் வாய்ப்பில்லை.

இங்கேதான் நமது முற்போக்கு நண்பர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். டிக்கன்ஸ் தம் காலத்தின் பிள்ளை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவே வாழ்ந்த ஓர் ஆங்கிலேயரிடம் இன்றைய பார்வையை எதிர்பார்க்கலாமா என்பார்கள். இந்த வாதம் கேட்பதற்கு மாக்சியம்போலத் தோன்றும். ஆராய்ந்தால் வெறும் சோம்பல். ஏனெனில் ஜோன் றேயும் அதே காலத்தின் பிள்ளை. டிக்கன்ஸுக்கு ஒரு வயது இளையவர். டிக்கன்ஸின் கட்டுரைகள் வெளிவந்த அதே மாதத்தில், அதே இதழிலே அவர் மறுப்பு எழுதினார். தம் மொழிபெயர்ப்பாளரின் திறமையைத் தாம் நேரில் அறிவார் என்றும், இம்மக்களோடு நெடுங்காலம் பழகிய அனுபவத்தில் அவர்கள் இத்தகைய பொய் சொல்லக் காரணமில்லை என்றும் வாதித்தார். ஒரே காலம், ஒரே தேசம், ஒரே இதழ், இரு தீர்ப்புகள். எனவே காலத்தின் தலையிற் பழியைச் சுமத்திவிட்டுப் போக முடியாது.

வேற்றுமை எங்கிருந்து வந்தது? றே ஓர் அவதார புருஷர் அல்லர். உரோமத் தோல் வியாபாரத்தாற் கொழுத்த ஒரு கொம்பனியின் ஊழியர். அக்கொம்பனி அப்பிரதேசத்து மக்களின் உழைப்பை எவ்வளவு மலிவாக வாங்கிற்று என்பது தனிக்கதை. ஆனால் அவருடைய தொழில் அவரை அம்மக்களோடு பனிக்குடிலில் உறங்கவும், அவர்களிடம் வேட்டையும் பனிச்சப்பாத்து நடையும் பயிலவும், அவர்கள் சொன்ன வழியிற் சென்று உயிர்தப்பவும் வைத்தது. எவருடைய அறிவினால் நாளாந்தம் உயிர் வாழ்கிறோமோ அவருடைய சொல்லைப் பொய்யென்று தள்ளுவது எளிதன்று. டிக்கன்ஸுக்கு அந்த மக்கள் ஒரு சொல் மாத்திரமே. அவருடைய மனிதாபிமானம் மாஞ்செஸ்ரர் ஆலைவரை போயிற்று. சாம்ராச்சியத்தின் எல்லைக் கோட்டிலே நின்றுவிட்டது. மூன்றாண்டு கழித்து, 1857இல் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, தாம் அங்கே சேனாதிபதியாக இருப்பின் அவ்வினத்தையே அழித்தொழிக்க முயல்வேன் என்ற கருத்துப்பட ஒரு கடிதத்தில் எழுதியவரும் அவரே. இதைத் தற்செயல் என்பாரும் உளர்.

டிக்கன்ஸை எரிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘ஹாட் ரைம்ஸ்’ படிப்பிக்கும் ஆசிரியர் அதே ஆண்டின் டிசெம்பர் இதழையும் பக்கத்தில் வைத்துப் படிப்பிக்கட்டும் என்கிறேன். அப்போதுதான் ஆங்கில மனிதாபிமானம் எங்கே தொடங்கிற்று, எங்கே நின்றது என்பது மாணவருக்கு விளங்கும்.

உண்மை எப்படி வெளியாயிற்று என்பதையும் பார்ப்போம். 1992இலும் 1993இலும் வில்லியம் அரசன் தீவின் எரெபஸ் குடாக் கரையில் ஏறக்குறைய நானூறு எலும்புத் துண்டுகள் எடுக்கப்பட்டன. குறைந்தது பதினொரு பேருடையவை. அவற்றுள் தொண்ணூற்றிரண்டில் உலோகக் கத்தியின் வெட்டுக் குறிகள் இருந்தன என்று 1997இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். 2024இல் அக்கரையின் ஒரு தாடை எலும்பு மரபணுச் சோதனையால் இன்னாருடையது என்று இனங்காணப்பட்டது. எரெபஸ் கப்பலின் கப்ரின் ஜேம்ஸ் பிற்ஸ்ஜேம்ஸ்! அந்தத் தாடையிலும் வெட்டுக் குறிகள் உள. பயிற்சியும் பதவியும் பசியின்முன் என்ன செய்யும் என்பதைப் பற்றி டிக்கன்ஸ் எழுதிய பக்கங்களுக்கு இதைவிட வேறு மறுமொழி வேண்டியதில்லை. இன்னூக்பூஷீஜூக்கும் அவர் ஊராரும் 1854இல் சொன்னதை ஒத்துக்கொள்ள வெள்ளையரின் விஞ்ஞானத்துக்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. சொன்னவர்கள் அதுவரை காத்திருந்து மாண்டார்கள் என்று சொல்லலாகாது. அவர்கள் யாருடைய ஒப்புதலுக்காகவும் காத்திருக்கவில்லை.

வாய்மொழி வரலாற்றை நம்பலாமா என்று கேட்கும் சரித்திர ஆசிரியர்கள் நம்மிடையேயும் உண்டு. ஏடு இருந்தால் வரலாறு, வாய் சொன்னால் கட்டுக்கதை என்பது அவர்களின் அளவுகோல். அவர்களுக்கு இரு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

பிராங்ளின் கூட்டத்தார் எழுதிவைத்துப் போன முக்கிய ஏடு ஒன்றே ஒன்றுதான். 1859இல் கற்குவியல் ஒன்றினுள்ளே கிடைத்த ஒற்றைத் தாள். பிராங்ளின் இறந்த நாளும் கப்பல் கைவிடப்பட்ட நாளும் அதனால்தான் தெரியவந்தன. உலகத்தின் சரித்திர நூல்கள் அத்தாளைக் கண்களில் ஒற்றிக்கொண்டன. ஆனால் அத்தாளிலே, பீச்சி தீவில் மாரிகாலத்தைக் கழித்த ஆண்டு 1846-47 என்று பிழையாக எழுதப்பட்டிருக்கிறது. உண்மையில் அது 1845-46. எழுதிய கையும் தவறும். மேலும் அத்தாளை மாத்திரம் நம்பியவர்கள், 1848இல் நடந்த அனைவரும் நடந்தவாறே மாண்டனர், கப்பல்கள் வடக்கே நொறுங்கின என்று முடிவு கட்டினர். சிலர் திரும்பிக் கப்பலேறியிருக்கவேண்டும், ஒரு கப்பல் தெற்கே வந்து சேர்ந்தது என்பதற்கான தடயங்கள் இனுயிற் சாட்சியத்திலே கிடந்தன. டேவிட் வுட்மன் என்பவர் 1991இல் வெளியிட்ட தம் நூலில் அச்சாட்சியங்களை வரிவரியாக ஒப்புநோக்கி இதை எடுத்துக் காட்டினார். எரெபஸ் தெற்கே கிடைத்தது.

இரண்டாவது செய்தி இன்னும் பழையது. மார்ட்டின் புரொபிஷர் என்ற ஆங்கிலேயர் 1576, 1577, 1578 ஆகிய மூன்றாண்டுகளிற் பாபின் தீவுக்குச் சென்றார். முதற் பயணத்தில் ஐந்து மாலுமிகள் கரைக்குப் போய்த் திரும்பவில்லை. அவர் பதிலுக்கு ஓர் இனுயிற் மனிதரைப் பிடித்து இலண்டனுக்குக் கொண்டுபோனார். அம்மனிதர் அங்கே மாண்டார். மறுவருடம் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் குழந்தையையும் கொண்டுபோனார். அவர்களும் மாண்டனர். மூன்றாம் முறை பதினைந்து கப்பல்களோடு சென்று, பொன் என்று எண்ணி ஆயிரந் தொன்னுக்கு மேற்பட்ட கறுப்புக் கல்லை ஏற்றிவந்தார். அது ஒன்றுக்கும் உதவாத கல் என்பது பின்னர் தெரிந்தது. இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1861இல் ஹோல் அக்கரைக்குச் சென்றபோது ஒரு மூதாட்டி, வெள்ளையர் முன்னொரு காலம் கப்பல்களில் வந்ததையும், முதலிற் சிலவும் கடைசியிற் பலவுமாக வந்ததையும், ஐந்து வெள்ளையர் கரையிலே விடப்பட்டதையும் சொன்னார். வெள்ளையர் தீவு என்றே அம்மக்கள் அழைத்துவந்த ஒரு சிறு தீவிலே புரொபிஷர் வெட்டிய குழிகளையும் ஹோல் கண்டார். எழுத்தில்லாத ஒரு சமுதாயம் ஒன்பது பத்துத் தலைமுறைக்கு ஒரு நிகழ்ச்சியை இந்த அளவுக்குக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. தம் பாட்டனாரின் பாட்டனார் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்?

ஹோலுக்கு இவற்றைக் கேட்டு விளக்கியவர்கள் யார்? ருக்கூலிற்றோ என்ற பெண்ணும் அவர் கணவர் எபியர்பிங்கும். பல்லாண்டுகள் அவரோடு அலைந்து, கேள்வியை மக்களிடமும் மறுமொழியை அவரிடமும் கொண்டுசேர்த்தவர்கள். ஹோலின் குறிப்பேடுகளின் பெரும்பகுதி ருக்கூலிற்றோவின் நாவிலிருந்து வந்தது. அவர் 1876இல் அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்திலே இறந்தார். நூல்களின் அட்டையில் இருப்பது ஹோலின் பெயர்.

இதனைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வாய்மொழி எல்லாம் வேதவாக்கு என்று கூத்தாடுவது மற்றொரு மூடத்தனம். இனுயிற் கதைகளிலும் குழப்பம் உண்டு. 1829இல் வந்த ஜோன் றொஸின் கப்பலைப் பற்றிய நினைவு சிலவிடங்களிற் பிராங்ளின் கப்பலோடு கலந்திருக்கிறது. பெயர்கள் வாய்க்கு வாய் மாறின. ஹோலும் தமக்கு வேண்டியதையே கேட்க விரும்பி, பிராங்ளின் கூட்டத்தார் சிலர் இன்னும் உயிரோடிருப்பதாக நெடுநாள் நம்பி ஏமாந்தார். ஆகவே சாட்சியத்தை விசாரிக்கவேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு வைத்து நோக்கவேண்டும். கடற்படைத் தலைமையகத்தின் ஏட்டுக்கு எந்த விசாரணையோ இதற்கும் அதே விசாரணை. டிக்கன்ஸ் விசாரிக்கவில்லை; சாட்சியின் தோலைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினார்.

இனி நினைவுச் சின்னங்களுக்கு வருவோம். 1866இல் இலண்டன் வாட்டர்லூ சதுக்கத்தில் பிராங்ளினுக்குச் சிலை எழுந்தது. வடமேற்குக் கடல்வழிக் கண்டுபிடிப்பை அவரும் தோழரும் உயிரைக் கொடுத்து நிறைவேற்றினர் என்று அதன் பீடம் சொல்கிறது. 1875இல் வெஸ்மினிஸ்ரர் தேவாலயத்தில் மற்றொரு சின்னம். அதற்குக் கவி தெனிசன் வரிகள் எழுதினார். இவற்றின் பின்னால் அயராது நின்றவர் பிராங்ளின் சீமாட்டி. கடல்வழியை முழுதாகக் கப்பலிற் கடந்தவர் நோர்வே நாட்டு அமுண்ட்சென், 1903க்கும் 1906க்கும் இடையில். அவர் சென்றது 1854இல் றே கண்ட நீரிணை வழியாக. இடையில் ஏறக்குறைய ஈராண்டு வில்லியம் அரசன் தீவில் தங்கி, அங்குள்ள மக்களிடம் உரோம உடை தைக்கவும் நாய்வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டார். 129 பேரைக் கொன்ற நிலம், கற்கச் சம்மதித்த ஏழு பேரைக் காத்தது. றேக்குச் ‘சேர்’ பட்டங்கூடக் கிடைக்கவில்லை. 1893இல் இறந்தார்.

அமுண்ட்சென் தங்கிய துறைக்கு இன்று அவர் கப்பலின் பெயர்தான்: யோவா துறை. கொழுப்பு நிறைந்த இடம் என்று பொருள்படும் உக்சுக்தூக் என்ற பெயர் அதற்கு முன்னரே இருந்தது. பக்கத்துக் குடாநாட்டுக்கு பூத்தியா என்று பெயர். யார் இந்தப் பூத்? றொஸின் பயணத்துக்குப் பணம் கொடுத்த ஜின் சாராய முதலாளி! ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் பெயரிட்டு வாழ்ந்த நிலத்திலே ஒரு சாராயக்காரரின் பெயரை நமது பிள்ளைகளும் தேசப்படத்தில் மனனஞ் செய்தார்கள். புரொபிஷரின் பெயரால் வழங்கிய ஊர் 1987இல் இக்கலுவிற் என்ற தன் பெயரை மீட்டது. மீன் மலிந்த இடம் என்பது பொருள். பிறகு அதுவே நுனவுற் பிரதேசத்தின் தலைநகராயிற்று.

ஹாப்பரின் அறிவிப்புக்குத் திரும்புவோம். கனடா அரசாங்கம் 2008 முதல் பணமும் கப்பலும் செலவிட்டு இந்தத் தேடலை நடத்தியது சரித்திர பக்தியால் மாத்திரமா? பிராங்ளினின் பயணங்கள் வடதுருவப் பிரதேசத்திற் கனடாவின் இறைமைக்கு அடித்தளமிட்டன என்று பிரதமர் அன்றே வெளிப்படையாகச் சொன்னார். பனி உருகுகிறது, கடல்வழி திறக்கிறது, அது சர்வதேச நீர்வழி என்கிறது அமெரிக்கா, தன் உள்நாட்டு நீர் என்கிறது கனடா. இந்த வழக்கிலே ஒரு பழைய கப்பலின் மரக்கட்டை பத்திரமாகிறது. வேடிக்கை என்னவெனில், 1993இல் இனுயிற் மக்களோடு கனடா கைச்சாத்திட்ட நில ஒப்பந்தமே, அந்நீர்ப் பரப்பில் கனடாவின் இறைமைக்கு இனுயிற் மக்களின் வாழ்வும் பயன்பாடும் ஆதாரம் என்று ஒப்புக்கொள்கிறது. உரிமை கேட்கும்போது இனுயிற் மக்கள் ஆதாரம். விழா எடுக்கும்போது பிராங்ளின் ஆதாரம்.

அந்த ஆதாரத்தை அரசாங்கம் எவ்வாறு நடத்திற்று? 1941 முதல் முப்பதாண்டுகளாக இனுயிற் மக்களுக்கு எண் பொறித்த வில்லைகள் கொடுக்கப்பட்டன. அவர்களின் பெயர்கள் அதிகாரிகளின் வாயில் நுழையவில்லையாம். ஆகவே எண்ணாலேயே பதிவு. 1845இல் புறப்பட்டு இறந்த மாலுமிகள் 129 பேரின் பெயரையும் ஏட்டிலே தேடிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில் இது நடந்தது. 1953இலும் 1955இலும் கியூபெக் மாகாணத்து இனுக்ஜுவாக் ஊரிலிருந்து பெரும்பான்மையாகத் திரட்டிய தொண்ணூறு பேர் வரையிலான ஆண் பெண் குழந்தைகளை, ஏறக்குறைய 2000 கிலோமீற்றர் வடக்கே, மாதக்கணக்கில் சூரியனே உதிக்காத கரையிற் கொண்டுபோய் இறக்கினர். வேட்டை நன்றாக இருக்கும், இரண்டாண்டில் விரும்பினாற் திரும்பலாம் என்ற வாக்கு காப்பாற்றப்படவில்லை. அந்த வெறுந் தீவுகளிலே கனடாவின் பிரசைகள் குடியிருக்கிறார்கள் என்று காட்டவே தம்மை உயிருள்ள கொடிக்கம்பங்களாக நட்டார்கள் என்று அம்மக்கள் சொல்லிவருகின்றனர். 2010இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அவர்களுட் சிலரை இறக்கிய இடத்தின் பெயர் றெசலூற் குடா. பிராங்ளினைத் தேடப்போன கப்பல் ஒன்றின் பெயர் அது.

நிலைமை மாறவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். 2018இல் பிரித்தானியா அக்கப்பல்களைக் கனடாவுக்குக் கையளித்தது; அங்கிருந்து எடுக்கப்படும் பொருள்களில் இனுயிற் மக்களுக்கும் உடைமை உண்டு. கப்பல் கிடக்கும் இடங்களைக் காவல் செய்வோர் யோவா துறையின் மக்கள். இரண்டாங் கப்பலான ரெரர் 2016இல் கிடைத்தது, சமி கொக்விக் என்ற இனுயிற் வேட்டைக்காரர் பனியிலிருந்து ஒரு பாய்மரம் நீட்டிக்கொண்டிருந்ததைச் சில ஆண்டுகளின் முன் கண்டதாகச் சொன்னதனால். தேடல் கப்பல் தன் வழியை மாற்றி அவர் சொன்ன குடாவுக்குச் சென்றது. 1854இல் நிகழாதது அன்று நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் செய்திகளைப் படியுங்கள். அவர் ‘உதவினார்’, முதியோர் ‘தகவல் தந்தனர்’, ஆய்வாளர் ‘கண்டுபிடித்தனர்’. வினைச்சொல்லிலே வர்க்கம் இருக்கிறது.

யோவா துறையில் லூயி கமூக்காக் என்ற மனிதர் வாழ்ந்தார். 1959இற் பிறந்து 2018இல் மறைந்தவர். சிறுவனாக இருந்தபோது அவருடைய பாட்டியின் தாயார் ஒரு கதை சொன்னார். தாம் சிறுமியாகத் தந்தையோடு தீவின் வடக்கே சென்றபோது, அறியாத உலோகப் பொருள்கள் சிதறிக் கிடந்தன. மனித நீளத்தில் ஒரு மேடும், விசித்திரக் குறிகள் வெட்டிய கல்லும் இருந்தன. தந்தை ஒரு மேசைக்கத்தியை எடுத்து உளியாக்கினார். பின்னர் சிறுவன் பள்ளிக்கூடம் சென்றான். அங்கே பிராங்ளின் என்பவரைப் பற்றிய பாடம் வந்தது. பாட்டி கண்டது எது என்று அப்போது அவனுக்குப் புரிந்தது. அன்று தொடங்கிய தேடலில் முப்பதாண்டுகளுக்கு மேல் முதியோரின் கதைகளைத் திரட்டி, ஏடுகளோடு ஒப்புநோக்கி, நிலத்தில் நடந்து சரிபார்த்து, பழைய இடப்பெயர்களைப் பதிந்து, தம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்பித்தார். வரலாற்று ஆசிரியர் என்பதற்கு இதைவிட என்ன இலக்கணம்? அவரைத் ‘தகவலாளி’ என்று எழுதும் பேனாவை நான் நம்பமாட்டேன்.

ஆசிரிய நண்பர்களே, அந்த வகுப்பறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வெளியிலிருந்து வந்த பாடத்தை நடத்திக்கொண்டிருந்த ஆசிரியருக்கு, அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயத்தைத் தன் குடும்பத்தின் நினைவிலே சுமந்தபடி ஒரு சிறுவன் முன்வாங்கிலோ பின்வாங்கிலோ உட்கார்ந்திருந்தது தெரியாது. கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான்.

2014 செப்ரெம்பர் 30ஆந் திகதி, ஹாப்பரின் அறிவிப்புக்கு மூன்று வாரங்களின் பின், வெஸ்மினிஸ்ரர் தேவாலயத்திலே பிராங்ளினின் சின்னத்தருகே ஜோன் றேக்கு ஒரு கல் பதிக்கப்பட்டது. அவர் பெயரும், பிறந்து இறந்த ஆண்டுகளும், வடதுருவப் பயணி என்ற சொல்லும் அதில் உள்ளன. நூற்றிருபத்தொரு ஆண்டு தாமதம். ஓர்க்னித் தீவினர் விடாது கேட்டுப் பெற்றது. இன்னூக்பூஷீஜூக்கின் பெயர் அத்தேவாலயத்தில் எங்கும் இல்லை.